ஒன்றேகால் அங்குலச் சந்தேகம்

வண்டிக்கு அடியில் நான் மாட்டிக்கொண்டபோது மணி காலை பத்தே முக்கால்.

மாட்டிக்கொண்டேன் என்றதும் எதிரிகள், கயிறு, துப்பாக்கி என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். உள்ளே போன வயிறு வெளியே வர மறுத்தது. அவ்வளவுதான்.

"சார், வயித்தை உள்ள இழுங்க," என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இதுதான் இழுத்ததா?"

கேட்டது குண்டூசி, என் உதவியாளர். உருவம் அப்படி, நாக்கும் அப்படி. என்னிடம் வருவதற்கு முன் வாகன இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் ஏழு வருடம் நசுங்கிய வண்டிகளைப் பரிசோதித்தவள். "லாரி வந்து இடிக்கல சார், நீங்கதான் உங்க கேட்டுல இடிச்சீங்க" என்று வாடிக்கையாளர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லி, வேலையை இழந்தவள். என்னிடம் அந்தப் பயம் இல்லை. முகத்துக்கு நேரே சொல்ல என்னிடம் வாடிக்கையாளர்களே அதிகம் இல்லை.

என் துப்பறியும் அலுவலகம் சாவி செய்யும் கடைக்கு மேலே இருக்கிறது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்பவர்கள். மீதிப் பாதிப் பேர் பூனையைக் கண்டுபிடிக்கச் சொல்பவர்கள். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் நாற்பத்தொரு பூனைகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதில் முப்பது தானாகவே வீடு திரும்பியவை.

"சார், அசையாதீங்க. ஜாக்கி போடறேன்."

வண்டி மெல்ல மேலே போயிற்று. ஏற்கெனவே யாரோ உயர்த்தி வைத்த வண்டியை எனக்காக இன்னொரு முறை உயர்த்த வேண்டியதாயிற்று. முதுகுக்கு அடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் உறையின் மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். அந்த உறை இல்லாவிட்டால் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்றேன், மூச்சு வாங்க. "முன் சக்கரத்துக்கு மேல, சஸ்பென்ஷன் ஸ்பிரிங் போய் முட்டற இடத்துல ஒரு மஞ்சள் வளையம். புத்தம் புதுசு. அதுல பட்டறை பேர் ஒட்டியிருக்கு."

குண்டூசி காருக்குள் கையை விட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பினாள். சக்கரம் வெளியே திரும்பிற்று. குனியாமல் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"ஆமா சார். இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

நான் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

*

வழக்கு திங்கட்கிழமை வந்தது.

சாவிக்கடைப் படியேறி வந்த அந்தப் பெண்மணிக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். குள்ளமான உருவம். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்ற மறந்துவிட்டு வந்திருந்தார். பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருப்பவர். உட்கார்ந்ததும் சொன்னார்:

"சார், என் கார் வளர்ந்துடுச்சு."

"அம்மா, குழந்தைங்க வளரும், செடி வளரும்..."

"கதவைத் திறந்து காலைக் கீழ விட்டா முன்னெல்லாம் குதிகால் தரையில படும். இப்போ படல. தொங்குது. அவர்கிட்ட கேட்டேன். 'புது டயர் போட்டேன், அதான்'னார். டயர் போட்டா இவ்வளவு வருமான்னு கேட்டேன். 'உனக்கு பிரமை'ன்னுட்டார்."

அவர் என்றால் கணவர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வண்டி ஒன்றுதான். கொஞ்சம் காரும் கொஞ்சம் ஜீப்புமாக இருக்கும் குடும்ப வகை, கிராஸ்ஓவர் என்கிறார்களே, அது. காலையில் இவர் துணிமூட்டை ஏற்றுவார். மதியத்துக்கு மேல் கணவர் எடுத்துப்போவார்.

"ஏத்தி இறக்கறதுதான் அவர் தொழிலே," என்றாள் குண்டூசி. "ஞாபக மறதியில காரையும் ஏத்திட்டாரோ என்னவோ."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

"செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் மதியம் வேலையில இருக்கறதா சொல்றார். கம்பெனியில கேட்டா அரை நாள் லீவுங்கறாங்க. டிரைவருக்குப் பக்கத்துல இருக்கற முன்சீட்டு முழுக்கப் பின்னால தள்ளியிருக்கு. நான் அதுல உட்கார்ந்தா எதிர்ல கால் எட்டாது. சீட்டுக்கு அடியில இது."

மேசை மேல் வைத்தார். பெரிய, தடித்த பிளாஸ்டிக் உறை. நான்காக மடித்திருந்தது.

"சரிம்மா. இதுல நீங்க பயப்படறது எதுக்குன்னு தெளிவா சொல்லுங்க," என்றேன்.

அவர் அளவு நாடாவைக் கழற்றி விரலில் சுற்றத் தொடங்கினார்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கா பொண்ணு குடுக்கணும்னு எங்கப்பா கேட்டார் சார். நான் இவர்தான் வேணும்னு வந்துட்டேன். பதினோரு வருஷமாச்சு. அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, நானும் பேசல. நல்லது கெட்டது எதுக்கும் இல்ல. அத்தனையும் எதுக்குத் தாங்கினேன்னா, இவர் எங்கிட்ட பொய் சொன்னதே இல்ல, அதுக்குத்தான். இப்போ இவரும் பொய் சொல்றார்னா, நான் எங்கப்பாவை எதுக்காக விட்டேன்?"

நான் நோட்டை எடுத்து வழக்கைப் பதிவு செய்துகொண்டேன்.

*

மறுநாள் அவர் கடைக்குப் போனேன். வாசலில் ஐந்து படி. ஐந்தாவதில் தடுக்கினேன். அதற்குப் பிறகு நாடாவை எடுத்து, தரையிலிருந்து சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு வரை அளந்தேன். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்த அளவோடு ஒப்பிட்டேன். அரை அங்குலம் குறைவாக இருந்தது.

"அம்மா, உங்க வண்டி வளரல. இளைச்சிருக்கு," என்று அறிவித்தேன்.

அவர் டிக்கியைத் திறந்தார். உள்ளே கூரை முட்டச் சீருடைத் துணி மூட்டைகள். முன்கதவைத் திறந்தார். குண்டூசி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கற ஆளை அளந்திருக்கீங்க," என்றார். "அதுவும் செருப்போட."

"செருப்பா?"

"டயர். புது டயர் கொஞ்சம் தடிமனா இருக்கும், பழசு தேஞ்சிருக்கும். தரையிலேருந்து அளந்தா எது டயரால வந்துது, எது வண்டியால வந்துதுன்னு எப்படித் தெரியும்? பேன்ட்டு அளவெடுக்கறப்போ செருப்பைக் கழட்டச் சொல்வோம். வண்டியைக் கழட்டச் சொல்ல முடியாது. அதனால சக்கரத்து நடுப்புள்ளியிலேருந்து மேல அளக்கணும்."

மூட்டைகளை இறக்கினோம். குண்டூசியையும் இறக்கினோம். அவரே அளந்தார். அளந்துவிட்டு உள்ளே போய் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இதே வண்டிக்கு வெயிலுக்கு ஒரு துணி உறை தைத்திருந்தாராம். யாருக்கு எது தைத்தாலும் அளவு அந்த நோட்டில் இருக்கும். சக்கரத்துக்கு அரைவட்டம் வெட்டுவதற்காக அன்றைக்கு எடுத்த அளவும் அதில் இருந்தது.

பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் இடைவெளி ஒன்றேகால் அங்குலம். முன்னும் பின்னும் ஒரே மாதிரி.

"பிரமை இல்ல," என்றார், நோட்டை மூடியபடி.

இதெல்லாம் துப்பறிவாளன் கண்டுபிடிக்க வேண்டியவை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கென்று மீதி இருந்தது, வண்டிக்கு அடியில் போய் மாட்டிக்கொள்வது ஒன்றுதான். அதை வியாழக்கிழமை காலை சிறப்பாகச் செய்து முடித்தேன் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

*

மஞ்சள் வளையத்தில் ஒட்டியிருந்த பெயர் 'ஸ்பிரிங் அண்ணன் பட்டறை'.

அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். கை முழுக்க கிரீஸ். தூக்கி நிறுத்திய வேன் ஒன்றின் கீழே நின்றுகொண்டு, எங்களைப் பார்க்காமலே "சொல்லுங்க" என்றார்.

"அண்ணே, எங்க சாருக்கு வண்டி கொஞ்சம் ஏத்தணும்," என்றாள் குண்டூசி.

அண்ணன் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டியை ஏத்தணுமா, இவரை இறக்கணுமா?"

இருவரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் உடன்பிறப்புகள் ஆகிவிட்டார்கள். இந்த விஷயத்தில் நான் ஒரு நல்ல கருவி. என்னை வைத்து யாரையும் சிரிக்க வைக்கலாம், சிரித்தவர்கள் பேசிவிடுவார்கள்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் இங்கதான் செஞ்சாராம். லிஃப்ட் வேலை பார்க்கறவர். நல்லா இருக்குன்னார்," என்று தூண்டிலைப் போட்டாள்.

"அவரா? அய்யோ, மனுஷன் என் உயிரை எடுத்துட்டார்மா. வழக்கமா வண்டி ஏத்த வர்றவங்க எதுக்கு வருவாங்க? கரடுமுரடு ரோட்டுல ஓட்டணும், இல்லைன்னா பார்க்க கெத்தா இருக்கணும். இவர் வந்து, 'சீட்டு தரையிலேருந்து இருபத்தாறு அங்குலம் இருக்கணும்'ங்கறார். சீட்டு! முப்பது வருஷத்துல சீட்டு உயரம் கேட்டு வந்த ஒரே ஆளு."

"அதுக்கு சீட்டு மேல ஒரு மெத்தையைப் போட்டுக்கலாமே?" என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன்.

"நானும் அதான் கேட்டேன். 'மெத்தை போட்டா தலை கூரையில இடிக்குது'ன்னார். சரின்னு ஸ்பிரிங்குக்கு மேல வளையம் குடுத்து வண்டியையே ஏத்தினேன். இதுக்கு மேல ஏத்தினா ஆபத்துன்னும் சொல்லிட்டேன். சக்கரம் நேரா ஓடுதான்னு பார்த்து, ஹெட்லைட்டை இறக்கி, எல்லாம் முறையா செஞ்சேன். வளைவுல மெதுவா போங்கன்னேன். அதுக்கப்புறமும் மூணு தடவை வந்தார். 'குலுங்குதுண்ணே, உட்கார்றவங்களுக்கு வலிக்கும்'னு."

"உட்கார்றவங்க யாரு அண்ணே?" குண்டூசியின் குரல் பஞ்சுபோல் வந்தது.

"கடைசித் தடவை வண்டிக்குள்ள இருந்தாங்க. கறுப்புக் கண்ணாடி ஏத்தியிருந்துது. தலை கூரைக்கிட்ட வரைக்கும் தெரிஞ்சுது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"நான் சக்கரத்தைப் பார்க்கற ஆளும்மா," என்றார் அண்ணன், கொஞ்சம் கோபமாகவே.

பழைய வேலைச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அந்த வண்டியின் சீட்டோடு கணவர் கொடுத்த ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. குண்டூசி அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பென்சிலால் எழுதிய எண்கள்: 23, 22¾, 39, 26.

*

திரும்பும் வழியில் நான் வழக்கை முடித்துவிட்டேன்.

"உயரமான ஒருத்தி," என்றேன். "குண்டூசி, எழுதிக்கோ. சீட்டுல பிளாஸ்டிக் விரிக்கறான். ஏன்? ஈரம். வாரத்துல மூணு நாள் மதியம். ஏன்? பயிற்சி. குலுங்கினா வலிக்கும். ஏன்? தசைப்பிடிப்பு. உயரம், ஈரம், பயிற்சி, தசைப்பிடிப்பு. நீச்சல் வீராங்கனை!"

குண்டூசி ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள்.

"சார், எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

"இருபத்திரண்டு. அந்தக் காகிதத்துல இருபத்திமூணுன்னு எழுதியிருக்கே, அது அவ வயசு. முப்பத்தொன்பது வீட்டு நம்பர்."

"இருபத்திரண்டே முக்கால்?"

"தங்கச்சி வயசா இருக்கும்."

"தங்கச்சி மூணு மாசம் சின்னவளா?"

இதற்கு நான் தொண்டையைச் செருமினேன்.

"எனக்கு ஒண்ணு புரியல சார்," என்றாள். "உயரமானவங்களுக்கு எதுக்கு வண்டியை ஏத்தணும்? அவங்களுக்கு ஏறுறது சிரமமே இல்லையே. தாழ்வா இருந்தா உட்கார்றதுதான் சிரமம்."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

எழுதும்போது இந்த இடத்தில் கை கூசுகிறது. அவள் வழக்கின் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். சாவிக்கடைக்கு மேலே குடியிருந்தும், எனக்கு அது சாவி என்று தெரியவில்லை.

*

தையல் கடையில் நான்கு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் அப்போதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அந்த அம்மாள் எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், வெட்டும் மேசைக்கு எதிரில் உட்காரவைத்தார். தான் உட்காரவில்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்திருந்தது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"சொல்லுங்க சார். சுத்தி வளைக்க வேணாம்."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்னேன். உயரமான ஒரு பயணி, வாரம் மூன்று மதியங்கள், இதமான சீட்டு, பிளாஸ்டிக் என்று அடுக்கினேன். நீச்சல் வரை வந்தபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. இத்தனைக்கும் என் குரலில் ஒரு மெல்லிய பெருமை இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

"ஆதாரம்?" என்றார்.

குண்டூசி செல்போனை நீட்டினாள். "அக்கா, சார் சொல்றதை விடுங்க. இந்த நம்பர் எதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு பாருங்க."

அவர் பார்த்தார்.

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். செல்போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, மறுபடி பார்த்தார்.

"இது நான் சொல்லிக்குடுத்த மாதிரி எழுதியிருக்கு," என்றார் கடைசியில். "கல்யாணமான புதுசுல கடையில எனக்கு ஒத்தாசையா அளவெடுப்பார். முதல்ல முழங்கால், வலது, அப்புறம் இடதுன்னு சொல்லிக்குடுத்தேன்."

"அப்போ இருபத்திமூணு வயசு இல்லையா?" என்றேன்.

அவர் காதில் அது விழவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அட்டை கிழிந்து, துணி ஒட்டித் தைத்திருந்தது. முதல் பக்கத்தைத் திறந்தார். பள்ளிப் பெண்ணின் குண்டு குண்டான கையெழுத்து.

"தரையிலேருந்து முழங்கால். வலது இருபத்திமூணு. இடது இருபத்திரண்டே முக்கால். சின்ன வயசுல விளையாட்டுல அடிபட்டு இடது கால் கால் அங்குலம் கம்மி. வெளியில யாருக்கும் தெரியாது. தெரியவும் விடமாட்டார். நான் அந்தப் பக்கம் மட்டும் கால் அங்குலம் குறைச்சுத் தைப்பேன்." விரல் அந்த வரியின் மேலேயே நின்றது. "நான் முதல்முதலா தைச்ச பேன்ட்டு. எனக்கு பதினஞ்சு வயசு. எங்கப்பாவுக்கு."



"முப்பத்தொன்பது?" என்று குண்டூசி மெதுவாகக் கேட்டாள்.

"உட்கார்ந்தா சீட்டுலேருந்து தலை வரைக்கும். எங்கப்பா ஆறே கால் அடி. ஸ்கூல்ல விளையாட்டு வாத்தியார். எனக்குத்தான் அம்மா உயரம் வந்துது."

"முழங்கால் உயரத்துக்கு மேல மூணு அங்குலம். இருபத்தாறு." குண்டூசி விரல் விட்டு எண்ணினாள். "அக்கா, இன்சூரன்ஸ்ல இருந்தப்போ விபத்துக் கேஸ் நிறையப் பார்த்திருக்கேன். இடுப்பு எலும்புல ஆபரேஷன் ஆனவங்க தாழ்வா உட்காரக் கூடாது, இடுப்பு மடங்கக் கூடாது. சீட்டு முழங்காலுக்கு மேல இருக்கணும். காருக்குள்ள காலைத் திருப்ப முடியாதுன்னு சீட்டு மேல பிளாஸ்டிக் விரிச்சு, வழுக்கிக்கிட்டே திரும்பச் சொல்வாங்க." என்னைப் பார்த்தாள். "சார் காலையில வண்டிக்கு அடியிலேருந்து வழுக்கிக்கிட்டு வந்தாரே, அந்த மாதிரி."

"அப்பாவுக்கு ஆபரேஷனா?" அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட யாரும் சொல்லலையே. எங்க இருக்கார்? எந்த ஆஸ்பத்திரி?"

அது எங்களுக்கும் தெரியாது. நான் அவமானத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

"சார், அசையாதீங்க," என்றார் அவர்.

ஒரே நாளில் என்னிடம் இரண்டாவது முறையாக இதைச் சொல்கிறார்கள். பின்னாலிருந்து என் சட்டையை இழுத்துப் பிடித்தார். துணியின் மறுபுறத்தைப் படித்தே பழகிய கண்கள் அவருடையவை.

"மை ஒட்டியிருக்கு. எழுத்து திரும்பியிருக்கு," என்றார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்: "எலும்பு... மூட்டு... மறுவாழ்வு மையம்."

அந்தப் பிளாஸ்டிக் உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. தடயத்தைப் பாயாக விரித்துப் படுத்துவிட்டேன். என் வியர்வையில் மை ஊறி முதுகில் ஏறிவிட்டது.

"காலையிலேருந்து கேஸோட விடையை முதுகுல சுமந்துக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கீங்க சார்," என்றாள் குண்டூசி. இந்த முறை குத்தலே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

*

மறுவாழ்வு மையத்தின் வாசலில் கிராஸ்ஓவர் நின்றிருந்தது. முன்கதவு திறந்திருந்தது. கணவர் சீட்டின் மேல் ஒரு புதுப் பிளாஸ்டிக் உறையைச் சுருக்கமில்லாமல் விரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"பிரமைன்னு சொன்னீங்க," என்றார் மனைவி.

"சொன்னேன்."

"ஏன்?"

"சத்தியம் வாங்கிட்டார்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிட்டாங்க. கதவைத் திறந்தா உள்ள சக்கர நாற்காலியில மாமா. வழுக்கி விழுந்து ஆபரேஷன் முடிஞ்சு, கூட யாரும் இல்ல. 'எம்பொண்ணு என்னை இப்படிப் பார்க்கக் கூடாது. என் காலால நடந்து அவ வாசலுக்குப் போற வரைக்கும் சொல்லாதே'ன்னார். நான் என்ன பண்ணட்டும்? ஒரு பக்கம் நீ. ஒரு பக்கம் அவர். நடுவுல தொங்கிக்கிட்டிருந்தேன்."

"உங்களுக்குப் பழக்கமான வேலைதானே," என்று சொல்லக் குண்டூசி வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன். அன்றைய தினம் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மனைவி சீட்டின் மேலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்தார்.

"பொய் சொன்னது தப்பு," என்றார். "அளவு எடுத்தது சரி."

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்தபடி, மிக உயரமான பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். தரையை மட்டுமே பார்த்து, ஒவ்வோர் அடியாக வைத்தார். கணவர் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. இரண்டடி தள்ளி, கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். பிடித்தால் பெரியவருக்குப் பிடிக்காது என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

வண்டியருகே வந்து பெரியவர் தலையை நிமிர்த்தினார். எதிரில் மகள்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு என்ன பேசுவார்கள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும், குறைந்தது ஒரு கோபமாவது வரும் என்று நினைத்தேன்.

மகளின் பார்வை அப்பாவின் முகத்திலிருந்து கீழே இறங்கி, பேன்ட்டின் விளிம்புக்குப் போயிற்று. நேரே வந்து அவர் காலடியில் மண்டியிட்டார்.

"யார் தைச்சது இது?" என்றார். "ரெண்டு காலும் ஒரே அளவு வச்சிருக்காங்க. இடது தரையில இழுபடுது. தடுக்கி விழவா?"



"நீ தைக்கலையே, பாப்பா," என்றார் பெரியவர்.

மகள் நிமிராமல் பின்னால் கையை நீட்டினார். குண்டூசி என்று நான் கூப்பிடும் பெண்ணுக்கு எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. தன் கைப்பையில் துழாவி இரண்டு குண்டூசி எடுத்துக் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை என்றுதான் இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இடது விளிம்பு மடிந்து, கால் அங்குலம் மேலே ஏறி நின்றது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, அப்பா."

"நடந்து வர்றேன்னு மாப்பிள்ளைக்கிட்ட சொல்லியிருக்கேன்." மாப்பிள்ளை என்ற வார்த்தையைப் பெரியவர் அன்றுதான் முதல்முறை சொன்னார் என்பது கணவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "ஒவ்வொரு தடவையும் உன் கடை வழியாத்தான் கூட்டிப்போவார். கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் பார்ப்பேன். உன் வாசல்ல அஞ்சு படி. இங்க பயிற்சியில நாலு படி ஏறிட்டேன். ஒண்ணுதான் பாக்கி."

மகள் எழுந்தார். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு ஏறி வாங்க," என்றார். "அந்த ஒண்ணுக்கு நான் இறங்கி வர்றேன்."

பெரியவர் முதுகு காட்டித் திரும்பி, உயர்த்திய சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். இடுப்பு மடங்கவில்லை. மகளும் மருமகனும் ஆளுக்கொரு காலைத் தாங்க, பிளாஸ்டிக்கின் மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். கூரைக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. நான் பார்த்த அளவுகளிலேயே மிகச் சரியான அளவு அது.

மகள் பின்சீட்டில் ஏறக் காலைத் தூக்கினார். எட்டவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வளையத்தைக் கழட்ட வேணாம். எனக்கு ஏற ஒரு பலகை வச்சுக் குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நாளைக்கு அந்தச் சட்டையைக் கொண்டாங்க. மை போகாது, ஆனா வயித்துப் பக்கம் ஒன்றேகால் அங்குலம் பிரிச்சு விட்டுடறேன்."

குண்டூசி என்னை ஒரு முறை அளந்து பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "அது பத்தாது."